செல்லக் குழாய்

அந்தக் குழாய்க்குச் செல்லக் குழாய் என்று பேர் வைத்த மகராசன் யாரென்று எனக்குத் தெரியாது. தெரிந்தால் நிற்க வைத்து நாலு கேள்வி கேட்பேன். நான் அந்தத் தண்ணீர் நிலையத்தில் ஆபரேட்டராகச் சேர்ந்தபோதே அந்தப் பேர் இருந்தது.

நிலையம் என்றதும் பெரிதாக எதையும் கற்பனை செய்துகொள்ள வேண்டாம். தகரக் கூரை போட்ட ஒரு நீளக் கொட்டகை, அவ்வளவுதான். உள்ளே இரும்புச் சட்டத்தில் தடித்த வெள்ளைக் குழாய்கள் ஒன்றன்மேல் ஒன்றாகப் படுத்திருக்கும். ஒவ்வொன்றுக்குள்ளும் பாயைச் சுருட்டி வைத்த மாதிரி மெம்பரேன்கள். கிணற்றுத் தண்ணீரை மோட்டார் அழுத்தி உள்ளே தள்ளும். மெம்பரேன் நல்ல தண்ணீரை மட்டும் கசிய விடும். அது தொட்டிக்குப் போய், குளோரின் கலந்து, ஊருக்குப் போகும். கசிய முடியாத உப்பும் ரசாயனமும் மிச்சத் தண்ணீரோடு இன்னொரு வழியாக வெளியேறும். அதற்கு ரிஜெக்ட் என்று பேர். கிணற்றில் இருந்த கெட்டதெல்லாம் இரட்டிப்பாகத் திரண்டு நிற்பது அதில்தான். பார்வைக்கு அதுவும் பளிங்கு மாதிரிதான் இருக்கும்.

சட்டத்தின் ஓரத்தில் ஒரு பலகை உண்டு. அதில் விரல் பருமனில் வரிசையாகச் சின்னக் குழாய்கள். ஒவ்வொரு வெள்ளைக் குழாயிலிருந்தும் ஒரு மெல்லிய டியூப் வந்து அங்கே முடியும். வரிசையின் கடைசியில் ரிஜெக்ட்டுக்கும் ஒன்று. சோதனைக்குத் தண்ணீர் பிடிக்கத்தான் இந்த ஏற்பாடு. ஆனால் முதல் குழாயில் எப்போதும் புது மெம்பரேன்தான் போடுவார்கள். உப்பை அளக்கிற மீட்டரை வைத்தால் அதன் எண்தான் ஆகக் குறைவாக வரும். குளோரின் வாடையும் கிடையாது. ஆகவே வேலை பார்க்கிற எல்லோருக்கும் அது செல்லம். மேனேஜர் தன் கார் பேட்டரிக்கு அதில் பிடிப்பார். பிட்டர் வீட்டு இஸ்திரிப் பெட்டிக்குப் பிடிப்பான். ஊருக்கு விடுவது ஊருக்கு, இது நமக்கு என்று எங்களுக்கெல்லாம் அதில் ஒரு பவிசு.

என் தங்கைக்குப் பெண் குழந்தை பிறந்தபோது நானும் அந்தப் பவிசைக் காட்டினேன். பிரசவத்துக்குப் பிறகு அவளுக்குக் காய்ச்சல் விட்டபாடில்லை. கடுமையான மாத்திரைகள் கொடுத்து, அதெல்லாம் முடிகிறவரை தாய்ப்பால் வேண்டாம், பவுடர் பால் கலந்து கொடுங்கள் என்று சொல்லிவிட்டார்கள். அவள் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டு அழுதாள். தண்ணீருக்கு நான் இருக்கிறேன், நீ ஏன் அழுகிறாய் என்று அதட்டினேன். தங்கையின் மகள் எனக்கும் மகள்தானே. புதுக் கேன் ஒன்றை வெந்நீர் விட்டு அலசி, குழந்தையைத் தவிர யாரும் இதைத் தொடக்கூடாது என்று உத்தரவும் போட்டேன். தங்கை வீட்டுக்காரர் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர். காலை டிரிப் முடித்து வருகிற வழியில் செல்லக் குழாயில் பிடித்துக்கொண்டு போவார். பெரியவர்களுக்குத் தெருக்குழாய்த் தண்ணீர், கேன் குழந்தைக்கு மட்டும். ஒருநாள் அசதியில் அவர் அதிலிருந்து ஒரு தம்ளர் குடித்துவிட்டார் என்று தங்கை அவரைப் பிலுபிலுவென்று பிடித்துக்கொண்டாளாம். அதன்பின் அவர் அந்தப் பக்கமே போவதில்லை.

இவ்வளவு கெடுபிடிக்குக் காரணம் உண்டு. எங்கள் கிணற்றில் நைட்ரேட் இருந்தது. சுற்றிலும் வயல். கொட்டுகிற உரமெல்லாம் மழையோடு மண்ணுக்குள் இறங்கிக் கிணற்றுக்கு வந்துவிடும். நம்மைப் போன்ற தடிமாடுகளுக்கு அது உடனே ஒன்றும் செய்யாது. பச்சைக் குழந்தையின் வயிற்றுக்குள் போனால் ரத்தத்தைக் கெடுத்துவிடும். நெஞ்சு ஏறி இறங்கும், காற்று உள்ளே போகும், ஆனால் ரத்தம் அதைச் சுமக்காது. குழந்தை கொஞ்சம் கொஞ்சமாக நீலம் பாரிக்கும். கொதிக்க வைத்தாலும் போகாது. தண்ணீர்தான் ஆவியாகும், நைட்ரேட் அப்படியே நிற்கும். வேலைக்குச் சேர்ந்த அன்றே மேனேஜர் ஒரு படம் காட்டினார். சாம்பல் பூத்த உதடுகளோடு ஒரு குழந்தை. அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை.

அந்தச் சனிக்கிழமை மெம்பரேன்களுக்கு ஆசிட் கழுவல் நடந்தது. எங்கள் பிட்டரை நாங்கள் கூப்பிடுவது அவசரம் என்று. கெட்டிக்காரன்தான். ஆனால் எந்த வேலையிலும் ஒரு காலை வாசலில் வைத்துக்கொண்டே செய்வான். கழுவலோடு கழுவலாக, பலகையின் டியூப்களிலும் பாசி படிந்திருக்கிறது என்று எல்லாவற்றையும் உருவிச் சுத்தம் செய்து மாட்டிவிட்டுப் போனான். சொல்லாமலே செய்தானே என்று நான் பாராட்டினேன். என் வாயில் மண்ணைப் போட.

திங்கட்கிழமை தங்கை வீட்டுக்காரர் கேனோடு வந்தவர், எப்போதும் சொட்டிக்கொண்டிருக்கிற குழாய் இன்றைக்கு விறுவிறுவென்று வருகிறது, கேன் சட்டென்று ரொம்பிவிட்டது என்று சந்தோஷமாகச் சொன்னார். கழுவியதில் அடைப்பு எடுபட்டிருக்கும் என்று நினைத்தேன். கழுவின பிறகு மெம்பரேனில் தண்ணீர் கூடுதலாக வருவது வழக்கம். இந்த வேலை தெரியாதவளாக இருந்திருந்தால் ஏன் என்று கேட்டிருப்பேன். தெரிந்ததால் கேட்கவில்லை.

மறுநாள் சாயங்காலம் தங்கை போன் செய்தாள். குரலில் அத்தனை நாளும் இல்லாத நிம்மதி. பாப்பா அழுவதே இல்லையாம், பால் குடித்த கையோடு தூங்கிவிடுகிறாளாம், தானும் கொஞ்சம் கண்ணயர முடிகிறதாம். உன்னை மாதிரி ஊரைக் கூட்டாமல் என்னை மாதிரி சமர்த்தாக வந்து பிறந்திருக்கிறாள் என்று கிண்டல் செய்தேன். அவளும் சிரித்தாள்.

புதன்கிழமை குழாய் குழாயாக மீட்டர் வைத்துப் பார்க்கிற நாள். தொட்டித் தண்ணீரைத் தினமும் பார்ப்போம். பலகையை வாரத்தில் ஒருநாள்தான். செல்லக் குழாயைத் திறந்து தம்ளரில் பிடித்து மீட்டரை முக்கினேன். எண் ஏறியது. ஏறிக்கொண்டே போனது. மீட்டருக்குத்தான் கோளாறு என்று துடைத்துவிட்டு மறுபடி முக்கினேன். அதே எண். கிணற்றுத் தண்ணீரில்கூட அவ்வளவு வராது. ஒரு சொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தேன். உப்பும் கசப்புமாக நாக்கைப் பிடித்தது.

மெம்பரேன் கிழிந்திருக்க வேண்டும், கிணற்றுத் தண்ணீர் அப்படியே ஊருக்குப் போய்க்கொண்டிருக்க வேண்டும் என்றுதான் முதலில் நினைத்தேன். எத்தனை வீடு, எத்தனை குழந்தை. மேனேஜர் அறைக்கு ஓடினேன். அவர் முகம் பேயறைந்த மாதிரி ஆகிவிட்டது. தொட்டிக்குப் போகிற பெரிய குழாயில் ஒரு மீட்டர் உண்டு, அதில் எண் சரியாகவே இருந்தது. அப்படியானால் அது பொய் சொல்கிறதா? மோட்டாரை நிறுத்து, யாரும் குடிக்க வேண்டாம் என்று தெருவெல்லாம் மைக்கில் சொல்லச் சொல்லலாம் என்று அவர் போனைக் கையில் எடுத்துவிட்டார். அதற்குள் மிச்சக் குழாய்களையும் பார்த்துவிடுகிறேன் என்று பலகைக்கு ஓடினேன். இரண்டாவது சரி. மூன்றாவது சரி. வரிசை முழுக்கச் சரி. கடைசியாக ரிஜெக்ட் குழாயில் வைத்தேன். எண் அப்படியே கீழே விழுந்தது. மழைத் தண்ணீர் மாதிரி சுத்தம்.

ரிஜெக்ட்டில் நல்ல தண்ணீர் எப்படி வரும்? பலகைக்குப் பின்னால் தலையை விட்டு, டியூப்களை விரலால் பிடித்துக்கொண்டே போனேன். முதல் வெள்ளைக் குழாயிலிருந்து கிளம்பின டியூப் கடைசிக்கு வந்தது. ரிஜெக்ட்டிலிருந்து கிளம்பினது செல்லக் குழாய்க்கு வந்தது. கழற்றினவன் மாற்றி மாட்டியிருக்கிறான்.

அவசரத்தைக் கூப்பிட்டுக் காட்டினோம். தலையில் அடித்துக்கொண்டான். மேனேஜர் அங்கே கிடந்த வாளியைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்துவிட்டார். மெம்பரேன் நன்றாக இருக்கிறது. தொட்டி நன்றாக இருக்கிறது. ஊருக்கு ஒரு சொட்டுக்கூடக் கெட்டது போகவில்லை. மாறியது இந்தச் சோதனைக் குழாய் மட்டும்தான்.

“தலைக்கு வந்தது தலைப்பாகையோட போச்சு. போனா என் கார் பேட்டரிதான் போயிருக்கும்” என்றார் அவர்.

எல்லோரும் சிரித்தோம். பயந்து செத்த பிறகு வருகிற சிரிப்பு, அடக்கவே முடியாது. இந்தக் குழாயில் பிடித்துக் குடிக்கிற பைத்தியம் யார் இருக்கிறார்கள் என்று அவசரம் சொன்னான். நான் வாயைத் திறந்து சிரித்துக்கொண்டிருந்தபோதுதான் அந்தப் பேச்சு எனக்குள் இறங்கியது.

கேன்.

என் கையிலிருந்த மீட்டர் கீழே விழுந்து உருண்டது. என்ன ஆயிற்று என்று மேனேஜர் கேட்டது காதில் விழுந்தது. இந்த ஊரிலேயே அந்தத் தண்ணீரைக் குடிக்கிற ஒரே ஜீவன் என் தங்கையின் மகள். வேறு யாரும் குடித்திருந்தால் முதல் மடக்கிலேயே துப்பியிருப்பார்கள். யாரும் தொடக்கூடாது என்று சொன்னது நான். அழுவதே இல்லை, தூங்கிக்கொண்டே இருக்கிறாள் என்று அவள் சொன்னபோது சிரித்ததும் நான்.

தங்கைக்குப் போன் போட்டேன். மணி அடித்து அடித்து ஓய்ந்தது. குழந்தை தூங்குகிறபோது அவள் போனை ஊமையாக்கி வைத்துவிடுவாள். அவள் வீட்டுக்காரரும் எடுக்கவில்லை. ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். எந்தத் தெரு வழியாகப் போனேன் என்று இன்றைக்கும் சொல்லத் தெரியாது. நடுவில் ஒரு இடத்தில் எதிரே வந்த சைக்கிள்காரரைத் திட்டினது ஞாபகம் இருக்கிறது. பாவம், அவர் தன் பாட்டுக்கு ஓரமாகத்தான் போனார். பயம் வந்தால் எனக்கு அது கோபமாகத்தான் வெளியே வரும். ஒன்றும் ஆகியிருக்காது, இரண்டு மூன்று நாளில் என்ன ஆகிவிடும் என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே போனேன். அந்தப் படத்துக் குழந்தையின் உதடு கண்ணை விட்டு நகரவில்லை.

மாடிப்படி ஏறும்போதே கதவைத் திறந்து தங்கை வாயில் விரலை வைத்தாள். தூங்குகிறாளாம். ஜன்னலுக்கெல்லாம் திரை போட்டு அறையை இருட்டாக்கி வைத்திருந்தாள். அடுப்பில் ஒரு பாத்திரத்தில் தண்ணீர் தளதளவென்று கொதித்துக்கொண்டிருந்தது. பக்கத்தில் கேன்.

“நல்லா கொதிக்கட்டும்னு விட்டிருக்கேன்க்கா. பாதியா சுண்டுனாத்தான் எனக்கு மனசு ஆறுது” என்றாள்.

அடுப்பை அணைத்தேன். கெட்டதை இன்னும் சுண்டக் காய்ச்சிக் கொடுத்திருக்கிறாள், என் பேச்சை நம்பி. உள்ளே போய்த் திரையை விலக்கிவிட்டுக் குழந்தையைப் பார்த்தேன். உதட்டைச் சுற்றிச் சாம்பல் பூசின மாதிரி இருந்தது. கையை விரித்துப் பார்த்தேன். நகமெல்லாம் கத்திரிப்பூ நிறம். தூக்கினபோது ஈரத்துணி மாதிரி கையில் துவண்டது. நெஞ்சு மட்டும் விட்டு விட்டு வேகமாக ஏறி இறங்கியது. கன்னத்தைத் தட்டினேன். கண்ணைத் திறந்து எங்கேயோ பார்த்துவிட்டு மூடிக்கொண்டது.

வெளிச்சத்தில் பார்த்தபோதுதான் தங்கைக்கும் அது தெரிந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஆஸ்பத்திரி, இப்போதே, செருப்பைத் தேடாதே என்று அவளை இழுத்துக்கொண்டு இறங்கினேன். ஆட்டோவில் அவள் குழந்தையின் உள்ளங்காலைத் தேய்த்துக்கொண்டே வந்தாள். என்னக்கா, என்ன ஆச்சு, காலையில்கூடப் பால் குடித்தாளே என்று திரும்பத் திரும்பக் கேட்டாள். மூச்சு சரியில்லை என்று மட்டும் சொன்னேன். குழந்தை போய்விடுமோ என்று ஒரு பயம். இவளுக்குத் தெரிந்துவிடுமே என்று இன்னொரு பயம். அந்த நேரத்திலும் இரண்டாவது பயம் எனக்கு இருந்தது. சொல்லிக்கொள்ளவே கூசுகிறது.

ஆஸ்பத்திரியில் குழந்தையைக் கையிலிருந்து வாங்கிக்கொண்டு உள்ளே ஓடினார்கள். மூக்கில் ஆக்சிஜன் வைத்தார்கள். நிறம் மாறவே இல்லை. நர்ஸ் குழாயைச் சரி பார்த்தாள், அளவைக் கூட்டினாள். அப்போதும் மாறவில்லை. டாக்டரம்மா குனிந்து பார்த்துவிட்டு, காலில் ஊசி குத்தி ரத்தம் எடுத்தார். சிவப்பாக வர வேண்டியது டீ டிகாஷன் மாதிரி பழுப்பாக வந்தது. அதை வெளிச்சத்தில் ஒரு தடவை தூக்கிப் பார்த்தார். பிறகு எங்கள் பக்கம் திரும்பி, பால் எந்தத் தண்ணீரில் கலக்குகிறீர்கள் என்று கேட்டார்.

நான் வாயைத் திறப்பதற்குள் தங்கை முந்திக்கொண்டாள்.

“தண்ணி நல்ல தண்ணி டாக்டர். எங்க அக்கா தண்ணி கம்பெனியிலதான் வேலை பாக்குறாங்க. ஊருக்கு விடுறதுகூட இல்ல. பாப்பாவுக்குன்னு தனியா புடிச்சுத் தர்றது.”

அழுதுகொண்டே சொன்னாலும் அதில் ஒரு பெருமை இருந்தது. டாக்டரம்மா என்னைப் பார்த்தார். அவரைத் தனியாகக் கூப்பிட்டு மெல்லச் சொல்லிவிடலாமா என்று ஒரு நொடி தோன்றியது. குழந்தையின் நெஞ்சு படுகிற பாட்டைப் பார்த்தேன்.

“அது நைட்ரேட் தண்ணி டாக்டர். டியூப் மாறிப்போச்சு. கழிச்சுவிடுற தண்ணியத்தான் நாங்க புடிச்சுக் குடுத்திருக்கோம். திங்கக்கிழமையிலேருந்து.”

நினைச்சேன் என்று சொல்லிவிட்டு அவர் நர்ஸிடம் ஏதோ மருந்தின் பேரைச் சொன்னார். என் பக்கத்தில் தங்கை அழுகையை நிறுத்திவிட்டாள். திரும்பி என்னைப் பார்த்தாள். அடித்திருந்தால் வாங்கிக்கொண்டிருப்பேன். திட்டியிருந்தால் அதுவும் நல்லது. அவள் என்னை விட்டுத் தள்ளிப் போய்ச் சுவரோரம் நின்றுகொண்டாள். வேலியே பயிரை மேய்ந்த கதை என்று யாராவது சொல்லிக் கேட்டால் இன்றைக்கும் எனக்கு அந்தச் சுவரோரம்தான் கண்ணில் வரும்.

கொண்டுவந்த மருந்து கருநீலமாக, மை மாதிரி இருந்தது. நீலம் போவதற்கு நீலத்தையே ஏற்றுகிறார்களே என்று நினைத்தேன். கண்ணாடிக் கதவுக்கு வெளியே நிற்கச் சொல்லிவிட்டார்கள். மேனேஜர் போன் செய்தார், நடந்ததைச் சொன்னேன். ஊருக்குப் போகிற தண்ணீரில் குறையில்லை என்று டாக்டரிடம் விளக்கமாகச் சொல்லிவிடு என்றார். குழந்தை பிழைக்கட்டும் சார், அப்புறம் உங்கள் தொட்டிக்குச் சான்றிதழ் வாங்கித் தருகிறேன் என்று கத்திவிட்டுப் போனை வைத்தேன். தங்கை வீட்டுக்காரர் வேன் சாவியைக் கையில் பிடித்தபடி ஓடிவந்தார். அவரிடமும் நான்தான் சொன்னேன். கேனைத் தன் கையால் பிடித்த மனுஷன் அவர். உள்ளங்கையை விரித்துப் பார்த்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார். எனக்குத் தெரிந்த சாமியையெல்லாம் கூப்பிட்டேன். தெரியாத சாமியையும் விடவில்லை. என் ரத்தத்தை எடுத்துக்கொள், கையை எடுத்துக்கொள் என்று பேரம் பேசினேன். கதவு திறக்கிற ஒவ்வொரு தடவையும் செத்துப் பிழைத்தேன்.

வெயில் சாய்கிற நேரத்துக்குத்தான் டாக்டரம்மா வெளியே வந்தார். நிறம் திரும்புகிறது என்றார். இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் என்று ஆரம்பித்தவர், தங்கையின் முகத்தைப் பார்த்து அதை முடிக்காமல் விட்டார். உள்ளே போய்ப் பார்க்கலாம் என்றார்.

போனோம். சாம்பல் போயிருந்தது. உதட்டில் இளஞ்சிவப்பு லேசாகத் தெரிந்தது. எங்களைக் கண்டதும் முகத்தைச் சுளித்து, வாயைக் கோணி, வீல் என்று கத்த ஆரம்பித்தாள். இரண்டு நாளாகக் கேட்காத அழுகை. தங்கை வீட்டுக்காரர் என் தோளைப் பிடித்துக்கொண்டு விம்மினார். பசிதான், கொடுக்கலாம் என்று நர்ஸ் அங்கேயே ஆஸ்பத்திரித் தண்ணீரில் பால் கலந்து, புட்டியைக் குலுக்கித் தங்கையிடம் தந்தாள்.

தங்கை குழந்தையை மடியில் போட்டுக்கொண்டாள். புட்டியை வாய்க்குக் கொண்டுபோனாள். பாதியில் கை நின்றது. ரப்பர் காம்பைத் திருகிக் கழற்றினாள். கொஞ்சம் பாலைப் புட்டியின் மூடியில் ஊற்றினாள். கையை நீட்டி என் முன்னால் பிடித்தாள். ஆட்டோவுக்குப் பிறகு அவள் என்னோடு பேசிய முதல் பேச்சு அது.

“மொதல்ல நீ குடி.”

வாங்கிக் குடித்தேன். குழந்தை பசியில் கை காலை உதைத்துக்கொண்டு கத்தியது. அவள் புட்டியைக் கொடுக்கவில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.